‘தி ஃபர்ம்’ படத்தின் முடிவு சொதப்பலா? ஒரு வக்கீலாக என் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறீர்கள், சொந்த ஊர் தொண்டிப் பக்கம். 1993-ல் வந்த ‘தி ஃபர்ம்’ என்ற ஆங்கிலப் படத்தை நண்பர்களோடு பார்த்திருக்கிறீர்கள். பாதிப் பேர் அருமை என்றார்களாம். மீதிப் பேர், “கொலைகாரக் கம்பெனியைக் கடைசியில் பில்லை வைத்தா பிடிப்பான்? இதற்கா இரண்டரை மணி நேரம்?” என்று அலுத்துக்கொண்டார்களாம். யார் சொல்வது சரி, அந்த முடிவு சட்டப்படி நிற்குமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: படிப்பு முடிந்து நாம் சேருகிற ஆபீஸே அப்படிப்பட்டதாக இருந்தால் என்ன செய்வது? மற்றதெல்லாம் அந்த வரிக்கு முன்னுரைதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் படத்தில் தொடங்கி அங்கே வந்து சேருகிறேன்.

ராமநாதபுரம் நீதிமன்றங்களில் 26 வருடமாக வழக்கு நடத்துகிறேன். நிலத் தகராறு, பாகப்பிரிவினை, செக் வழக்கு, விபத்து இழப்பீடு, அவ்வப்போது படகு சம்பந்தப்பட்டவை. நம் நாட்டுச் சட்டம் பற்றி நான் சொல்வது தினமும் கையாள்வதிலிருந்து வருவது. அமெரிக்கச் சட்டம் படித்துத் தெரிந்ததுதான். அங்கே வக்கீல்களின் நடத்தை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் கவனத்தோடு வாசியுங்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. ஹார்வர்டில் சட்டம் படித்த ஏழை வீட்டுப் பையன் மிட்ச். மெம்பிஸ் நகரத்தில் பெண்டினி, லாம்பர்ட் அண்ட் லாக் என்ற சின்ன வழக்கறிஞர் நிறுவனம் அவனுக்கு எதிர்பாராத சம்பளம், கார், வீட்டுக்கு வழி எல்லாம் செய்து தருகிறது. படிப்புக் கடனையும் அடைக்கிறது. போய்ச் சேர்ந்த பிறகுதான், அந்த நிறுவனத்துக்குப் பின்னால் சிகாகோ மாஃபியா குடும்பம் ஒன்று இருப்பதும், விலக நினைத்த இளம் வக்கீல்கள் உயிரோடு விலகவில்லை என்பதும் தெரிகிறது. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஒரு பக்கம், “கோப்புகளைக் கொடு, இல்லாவிட்டால் உன்னையும் சேர்த்துப் பிடிப்போம்” என்கிறது. கொடுத்தால், கட்சிக்காரர், அதாவது வழக்கை நம்பிக் கொடுத்தவர், ரகசியத்தை வெளியிட்டவன் என்று வக்கீல் தொழிலே போகும், உயிரும் போகலாம். கொடுக்காவிட்டால் ஜெயில். இந்த இடுக்கிலிருந்து அவன் எப்படி வெளியே வருகிறான் என்பதுதான் படம். இயக்கியவர் சிட்னி போலாக், மிட்ச்சாக டாம் க்ரூஸ், அவனுக்கு வழிகாட்டும் சீனியராக ஜீன் ஹாக்மன். மூலம் ஜான் கிரிஷாம் 1991-ல் எழுதிய நாவல்.

பார்த்தவர்கள் சொல்லும் குறைகளில் நீளம் பற்றியது நியாயமானது. 154 நிமிடம். நடுவில் சில துரத்தல்களை வெட்டியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. இசை பற்றிக் கருத்து இரண்டாகப் பிரியும். டேவ் க்ரூசின் கிட்டத்தட்ட முழுப் படத்தையும் தனி பியானோவிலேயே நகர்த்தியிருக்கிறார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. எனக்குப் பிடித்திருந்தது, துரத்தல் காட்சிக்குப் பொருந்தவில்லை என்பவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். துப்பறிவாளரின் செக்ரட்டரியாக வரும் ஹாலி ஹன்டர் சில நிமிடமே வந்தாலும் அவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அவர் வரும் இடமெல்லாம் படம் உயிர் பெறுகிறது என்பதில் பெரிய கருத்து வேறுபாட்டை நான் கேட்டதில்லை. சண்டை எல்லாம் முடிவைப் பற்றித்தான். அதிலும் நாவலை முதலில் படித்தவர்கள் கோபமாகவே இருப்பார்கள். நாவலில் மிட்ச் நிறுவனத்தின் பணத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கோப்புகளையும் கொடுத்துவிட்டு, மனைவியோடும் அண்ணனோடும் கடலில் தலைமறைவாகிறான். படத்தில் அந்த முடிவையே மாற்றி, கட்சிக்காரர்களுக்கு அனுப்பிய கட்டண பில்களில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இந்தப் படத்தை நான் கடைசியாகப் பார்த்தது 2025-ல், பாம்பனில் புது ரயில் பாலம் திறந்த பிறகு வந்த மீன்பிடித் தடைக்காலத்தில். எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவருக்கு வீடு மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர் வீட்டு மாடியில், லேப்டாப்பை டிவியில் இணைத்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஜூனியரின் தாய்மாமாவும் வந்திருந்தார். விசைப்படகு வைத்திருப்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும். பகலெல்லாம் பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதுமாக இருந்துவிட்டு, சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் மேலே ஏறி வந்தார். அவருக்கு இங்கிலீஷ் புரியாது. ஜூனியர் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிட்ச் பில் விஷயத்தைக் கண்டுபிடிக்கும் இடம் வந்தது. கட்சிக்காரர் ஒருவர் தன் பில்லில் அதிகம் போட்டிருக்கிறது என்று புகார் சொல்கிறார். மிட்ச் தோண்டிப் பார்த்தால் அது ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை, எல்லோருக்கும் இப்படியே மணிக்கணக்கைக் கூட்டிப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்களோடு இருந்த இரண்டு இளம் வக்கீல்கள், “இவ்வளவுதானா?” என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமாதான் நிமிர்ந்தார். “அட, இது நம்ம ஐஸ் கணக்குதான! முப்பது ஐஸ ஏத்திட்டு நாப்பதுன்னு எழுதுறது. ஒரு நடைக்குப் பத்து. வருசத்துக்கு எத்தன நடை, பாத்துக்க.”

அந்த இளைஞர்களுக்கு விளங்கவில்லை, அதனால் அவர் கீழே இறங்கிப் போய்த் தன் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். உப்புக் காற்றில் ஊதிப்போன நீள நோட்டு, அட்டை பிய்ந்து செலோ டேப் ஒட்டியது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை, சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு, கீழே மீன் விற்ற தொகை. செலவைக் கழித்துவிட்டு வரும் மீதியில்தான் அவர் படகில் ஆள்களுக்குப் பங்கு. ஐஸில் பத்தைக் கூட்டி எழுதினால் ஆளுக்கு ஐம்பதோ நூறோ குறையும், கண்ணுக்கே தெரியாது. “அதான் பங்கு பிரிக்கயில வாசிச்சுக் காட்டிருவேன். எவன் வேணாலும் கேக்கலாம். நோட்டு எனக்கு மட்டும் சொந்தமில்லல்ல,” என்றார். அன்றைக்கு அந்த மாடியில் இருந்தவர்களில் படத்தின் முடிவைச் சரியாகப் பிடித்தவர் அவர்தான். இதைப் பாராட்டுக்காகச் சொல்லவில்லை, அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில்தான் சட்டமே இருக்கிறது.

நம் ஊர்ப் பார்வையாளர்களுக்கு அந்த இடம் சப்பென்று இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் பழக்கம் பெரிய நகரத்து நிறுவனங்களில்தான். ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு வழக்கு எடுத்தால் மொத்தமாக ஒரு தொகை பேசுவோம். அப்புறம் கோர்ட் கட்டணம், பேட்டா, குமாஸ்தாவுக்கு, நகலுக்கு என்று தனித்தனியாக வாங்குவோம். வாய்தாவுக்கு வாய்தா கொஞ்சம் வாங்குபவர்களும் உண்டு. தபாலில் பில் அனுப்பும் வழக்கமே கிடையாது. அமெரிக்காவில் வக்கீல் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி வைத்து, மாதா மாதம் பில்லாக அனுப்புவார். அந்தப் பில்லில் பொய் இருந்து அது தபாலில் போய்விட்டால், தபால் வழி மோசடி என்ற மத்தியக் குற்றம் ஆகிவிடுகிறது. அந்தச் சட்டம் 1872-ல் தோன்றியது. அனுப்பிய ஒவ்வொரு கடிதமும் தனித்தனிக் குற்றம். படம் வந்த காலத்தில் ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு வரை சிறை, 2002-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 20 ஆண்டு வரை. அதோடு ஒரே கூட்டம் திரும்பத் திரும்பச் செய்ததாக நிரூபித்தால், கூட்டுக் குற்றங்களுக்கான தனிச் சட்டமும் மேலே விழும். அதனால் “வெறும் பில்” என்று தள்ளிவிட முடியாது. நிறுவனத்தின் எல்லாப் பங்குதாரர்களையும் ஒரே வலையில் போடும் அளவுக்கு அது பெரிய விஷயம். இந்த அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதைவிடக் கூர்மையான விஷயம் அடுத்தது. மாஃபியாவின் கறுப்புப் பணம் பற்றிய கோப்பை மிட்ச் கொடுத்தால், அது கட்சிக்காரரின் ரகசியம். ஆனால் கூட்டிப் போட்ட பில் கட்சிக்காரர் செய்த தப்பு கிடையாது, கட்சிக்காரருக்குச் செய்யப்பட்ட தப்பு. அந்தப் பில் அவருடைய காகிதம். அவர் சம்மதித்தால் யாரிடமும் காட்டலாம். மிட்ச் செய்வது அதைத்தான். பாதிக்கப்பட்ட கட்சிக்காரர்களின் சம்மதத்தின் மேல் நிற்கிறான். கடைசியில் மாஃபியாக்காரர்களிடமே போய், “நான் உங்கள் வக்கீல், உங்களையும் ஏமாற்றியிருக்கிறார்கள், பில்லைக் காட்ட அனுமதி கொடுங்கள், மற்ற ரகசியம் என்னிடம் பத்திரம்” என்ற பொருளில் பேசுகிறான். தான் உயிரோடு இருக்கும்வரை எந்தத் துறைமுகத்தையும் சேராத சரக்குக் கப்பல் மாதிரி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடம் அது. ரகசியம் வக்கீலுடைய சொத்தாக இருந்திருந்தால் இந்த வழியே திறந்திருக்காது. அது கட்சிக்காரருடையது. படகுக்கார மாமா “நோட்டு எனக்கு மட்டும் சொந்தமில்ல” என்று சொன்னதும் இதுதான்.

சரி, “கட்சிக்காரரைக் காட்டிக் கொடுத்தால் தொழில் போய்விடும் என்று படம் பயமுறுத்துகிறதே, அது மிகையில்லையா?” என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கே பலரும் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, “உன் கட்சிக்காரர் என்ன சொன்னார்?” என்று கேட்டால் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்பது ஒன்று. கோர்ட் எதுவும் கேட்காதபோது தானாகப் போய் வெளியே சொல்லக் கூடாது என்ற தொழில் கடமை இன்னொன்று. குற்றம் செய்வதற்காகவே வக்கீலைப் பயன்படுத்தினால் முதல் பாதுகாப்பு அங்கேயும் கிடையாது, இங்கேயும் கிடையாது. ஆனால் இரண்டாவது பூட்டு அமெரிக்காவில் அன்று இறுக்கமாக இருந்தது. அவர்களுடைய வழக்கறிஞர் சங்கம் வைத்திருக்கும் மாதிரி விதிகளில், கட்சிக்காரரின் பண மோசடியைத் தடுக்கவோ சரிசெய்யவோ வாய் திறக்கலாம் என்ற அனுமதி 2003-ல்தான் சேர்ந்தது. அதற்கு முன்னால், உடனடியாக உயிருக்கு ஆபத்து வரும் குற்றத்தைத் தடுக்க என்ற அளவில்தான் இருந்தது. பல மாநிலங்கள் இதைவிடத் தளர்வாக வைத்திருந்தன என்பதும் உண்மை. ஆகவே மிட்ச்சின் பயம் கதைக்காகக் கொஞ்சம் ஊதியது என்றாலும், ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை இந்தியச் சாட்சியச் சட்டம், அதுவும் 1872-ல் வந்ததுதான். அதன் 126-ஆம் பிரிவை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 132-ஆம் பிரிவு. கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. விதிவிலக்கு இரண்டு: சட்டவிரோதக் காரியத்தை நிறைவேற்றிக்கொள்வதற்காகச் சொன்ன பேச்சு, வக்கீல் வேலையில் இருக்கும்போது கண்ணால் கண்ட, வேலை தொடங்கிய பின் குற்றமோ மோசடியோ நடந்ததைக் காட்டும் விஷயம். பழைய சட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகளும் கொடுத்திருக்கிறார்கள், திரும்பப் படித்துப் பாருங்கள். “போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்” என்று ஒருவர் வந்தால் அது ரகசியம். “இந்தப் போலிப் பத்திரத்தை வைத்து எனக்கு நிலத்தை வாங்கிக் கொடுங்கள்” என்று வந்தால் ரகசியம் இல்லை. மூன்றாவது எடுத்துக்காட்டு கணக்கு நோட்டைப் பற்றியது. பணம் கையாடியதாகக் குற்றம்சாட்டப்பட்டவரின் நோட்டில், வக்கீல் வேலையை எடுத்தபோது இல்லாத ஒரு பதிவு பிறகு புதிதாக ஏறியிருக்கிறது. வக்கீல் அதைப் பார்க்கிறார். அது பாதுகாக்கப்பட்ட விஷயம் ஆகாது என்கிறது சட்டம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால் எழுதியவர்களுக்கும் நோட்டில்தான் கண் இருந்திருக்கிறது.

அதனால் மிட்ச் ராமநாதபுரத்தில் வக்கீலாக இருந்திருந்தால், மாஃபியாவின் பணத்தை ஒளிக்க உதவச் சொன்ன பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது உறுதி. அதற்காக, போலீஸ் கேட்டவுடன் வழக்குக் காகிதக் கட்டைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. 2025-ல், சட்டக் கருத்துச் சொன்னதற்காக இரண்டு மூத்த வழக்கறிஞர்களுக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அதே வருடம் அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், 132-ஆம் பிரிவின் விதிவிலக்குக்குள் வந்தால் ஒழியக் கட்சிக்காரர் விவரம் கேட்டு வக்கீலுக்குச் சம்மன் அனுப்பக் கூடாது, அனுப்புவதானால் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று சொன்னது. கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலருக்கு இந்த 132 பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நீங்கள் ஏதாவது கம்பெனியில் சேர நினைத்தால் இதை மறக்க வேண்டாம்.

பில்லைக் கூட்டிப் போட்டதற்கு இங்கே என்ன சட்டம்? தபால் வழி மோசடி என்ற தனிக் குற்றம் நமக்கில்லை. ஏமாற்றுதல், நம்பிக்கை மோசடி என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் போக வேண்டும். நம்பிக்கை மோசடிப் பிரிவில் வங்கியர், தரகர், முகவர் இவர்களோடு ‘அட்டர்னி’ என்ற சொல்லும் இருக்கிறது, தண்டனை ஆயுள் வரை போகும். அந்தச் சொல்லுக்குள் இன்றைய வழக்கறிஞர் எந்த அளவுக்கு வருவார் என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு, அதை முடிந்த விஷயமாகச் சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவில், வக்கீல்களைப் பதிவு செய்து நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். கண்டிப்பிலிருந்து பெயர் நீக்கம் வரை அதிகாரம் உண்டு. ஜெயிக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதே விதிப்படி தவறு. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மட்டும் போக முடியாது, 2024 மே மாதத் தீர்ப்பு அந்தக் கதவை மூடிவிட்டது.

இப்போது என் சொந்த விஷயம் ஒன்று. நான் முதலில் சேர்ந்த ஆபீஸ் எது, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். கடற்கரைக் கிராமத்து அம்மா ஒருவர். கணவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். இழப்பீட்டு வழக்கு, தீர்ப்பும் ஆனது, இன்ஷூரன்ஸ்காரர்கள் பணத்தைக் கோர்ட்டில் கட்டினார்கள். அந்தக் கட்டில் முதல் நாளே அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்த வெற்றுத் தாள் நாலைந்து இருந்தன. நானும் அதை ஆபீஸ் பழக்கம் என்றுதான் நினைத்தேன். பணம் எடுத்த பிறகு சீனியர் செலவுக் கணக்கு சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன். ‘மேல்முறையீடு சம்பந்தமாக மெட்ராஸ் போய் வந்த செலவு’ என்று ஒரு வரி. அந்த வழக்கில் மேல்முறையீடே கிடையாது. எழுதும்போதே எனக்குத் தெரியும். நீல மையில், என் கையெழுத்தில், இன்றைக்கும் அந்த வரி கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். ஒரு நாள் சீனியர் கோர்ட்டில் இருக்கும்போது அந்த அம்மா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “தம்பி, இன்னும் ஏதும் காசு வரணுமா, இதோட முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார். திட்டி வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோட்டை எடுத்துக் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. “கோர்ட்டில் உங்கள் பேரில் எவ்வளவு கட்டினார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று நகல் மனுப் போட்டு வாங்குங்கள், அது உங்கள் வழக்கு, உங்களுக்குக் கொடுப்பார்கள்” என்று சொல்லி, மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். நகல் வந்ததும் அவருடைய அண்ணன் ஆபீஸுக்கு வந்தார். ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, முழுதும் இல்லை. அந்த வாரமே நான் வெளியே வந்துவிட்டேன். அடுத்த ஆறு மாதம் எனக்கு உட்கார நாற்காலி இல்லை. இப்போது இழப்பீட்டுப் பணத்தை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. அந்த ஒரு மாற்றம் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும் என்பது இந்த வழக்குகள் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

நான் அன்று செய்தது சரிதானா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். ஆபீஸ் ரகசியத்தை உடைத்தேனா? இல்லை என்பதே என் முடிவு. அந்த அம்மா எங்கள் கட்சிக்காரர். அவருடைய பணக் கணக்கை அவரிடமிருந்து மறைப்பதற்கு எந்த ரகசியமும் காவல் நிற்காது. மிட்ச்சின் வழியும் இதே வழிதான் என்று இந்தப் படத்தைப் பிறகு பார்த்தபோது தெரிந்தது, அதனால்தான் முடிவு சொதப்பல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

படத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்பவர் மிட்ச் இல்லை, ஜீன் ஹாக்மன் நடித்த ஏவரி. கெட்டிக்காரர், அன்பானவர், ஜூனியருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பவர். ஒரு காலத்தில் இவரும் மிட்ச் மாதிரி வந்தவர்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எந்த நாளில் வழி தவறினார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. என் பழைய சீனியரும் எனக்குக் குறுக்கு விசாரணை கற்றுக்கொடுத்தவர், என் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவர். அவரை வில்லனாக நினைக்க எனக்கு வருவதில்லை. ஹாக்மனை ரசிக்கிறவர்கள் நடிப்பை மட்டும் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்த ஆள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

படத்தின் முடிவில் எனக்குச் சந்தேகமான இடமும் உண்டு. மாஃபியா அவ்வளவு எளிதாக அவனை உயிரோடு விட்டுவிடுமா? பெரிய மீனுக்கு வலை போட்ட எஃப்.பி.ஐ., பில் வழக்கோடு சமாதானமாகுமா? இதை நம்ப வைக்கப் படம் போதிய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. துரத்தலுக்குக் கொடுத்த நிமிடங்களில் கொஞ்சத்தை இங்கே கொடுத்திருக்கலாம். உங்கள் நண்பர்களின் அதிருப்தியில் இந்தப் பகுதிக்கு நான் சம்மதம். ஆனால் நாவல் முடிவோடு ஒப்பிட்டால் எனக்குப் படமே மேல். அதில் அவன் பணத்தோடு ஓடுகிறான். இதில் பழைய காரில் ஏறி பாஸ்டனுக்குத் திரும்பிப் போகிறான், வக்கீலாகவே.

இனி உங்கள் கடைசி வரி. நம் பக்கத்தில் கார் கொடுத்து ஆள் பிடிக்கும் ஆபீஸ் எதுவும் இல்லை. ஜூனியருக்குப் பஸ் காசு கிடைத்தாலே பெரிது என்ற நிலைதான் நீண்ட காலம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு குறைந்தது மாதம் 15,000, பெரிய நகரங்களில் 20,000 கொடுக்க வகை செய்யும்படி சொன்னது. எல்லா ஆபீஸிலும் அது நடக்கவில்லை. ஆகையால் இங்கே தூண்டில் சம்பளமாக வராது, “இந்த ஒரு கேஸை முடித்துக் கொடு, உனக்கும் ஒரு பங்கு” என்று வரும். சேருவதற்கு முன்னால் சீனியரின் பேரைப் பற்றி நாலு பேரிடம் கேட்பதைவிட, அந்த ஆபீஸ் குமாஸ்தாவோடு ஒரு டீ குடியுங்கள். கட்சிக்காரருக்கு ரசீது கொடுக்கிறார்களா, கட்சிக்காரர் பணத்துக்குத் தனி நோட்டு உண்டா என்று பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைப்பது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலின் கடமை, அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சேர்ந்த பிறகு கட்டில் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளைக் கண்டால், அல்லது நடக்காத செலவை உங்களை எழுதச் சொன்னால், அந்த மாதத்திலேயே வெளியே வாருங்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது. வரும்போது எந்தக் கட்டையும் எடுக்க வேண்டாம், செல்போனில் படமும் பிடிக்க வேண்டாம், அது கட்சிக்காரருடையது. உங்கள் கையால் என்ன எழுதினீர்கள், எந்தத் தேதி, எந்த வழக்கு நம்பர் என்பதை மட்டும் உங்கள் சொந்த டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்சிக்காரர் என்றைக்காவது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்டால், நகல் மனு எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுங்கள்.